சிங்கைத் துறையில் சூலியர் தோணி

சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தில், வெள்ளக்கடை என்றோர் ஊர். காப்பியும் மிளகும் விளையும் அம்மலைப் புறத்தில் அமர்ந்து துறைமுகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினேன் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மலையும் மரமுமன்றி நீர்ப்பரப்பு ஒன்றும் தென்படாத இடம் அது. ஆனால் நான் தங்கியிருந்த நண்பர் இல்லத்துத் திண்ணையில் மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் நெடி மூக்கில் ஏறியதும் நினைவு எங்கெங்கோ சென்றது. மூட்டையாகக் கட்டிய மிளகு மலையிலேயே தங்கிவிடுவதில்லை. என்றேனும் ஒருநாள் கடலைக் காண்கிறது. கடலில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே அதனைச் சுமந்து சென்ற தோணிக்காரனைப் பற்றி நாம் நினைப்பதுண்டா?

ஊர்ப் பெயரிலுள்ள ‘கடை’ எந்தக் கடையோ, நானறியேன். மலாய் மொழியில் வாணிகக் கடைக்குக் ‘கெடாய்’ என்றே பெயர். கப்பலுக்குக் ‘கபால்’, கட்டிலுக்குக் ‘காத்தில்’. கப்பலில் சென்று, கரையில் கடை வைத்து, கடைக்குள்ளேயே கட்டிலிட்டுப் படுத்த நம் முன்னோர் அங்கே விட்டுவந்த சொற்கள் இவை. இவற்றை மலாய் நாட்டில் பரப்பியவர் இன்னார் என்று அறுதியிட முடியாதாயினும், அவர்களுள் சோழமண்டலக் கரையின் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றனர் என்பதில் ஐயமில்லை. மலாய்த் துறைமுகங்களில் அவர்களைச் ‘சூலியர்’ என்றழைத்தனர். சோழ நாட்டிலிருந்து வந்தோர் என்ற பொருளில் எழுந்த பெயர் அது என்பது பலர் கருத்து.

சிங்கப்பூர் உருவாவதற்கு முன்பே சூலியர் கடாரத்திலும் மலாக்காவிலும் வேரூன்றியிருந்தனர். 1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. அதனை நிறுவிய பிரான்சிஸ் லைட், 1794இல் எழுதிய குறிப்பில் சூலியரைத் தனியே எடுத்துக் கூறுகிறார். ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கு நிலைத்து வாழ்ந்தனர். அவர்களையன்றி ஆண்டுதோறும் நம் கரையிலிருந்து கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேர்வரை கொண்டுவந்து இறக்கின. வந்தவர் உழைத்துச் சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்வார். தென்மேற்குக் காற்றில் போய் வடகிழக்குக் காற்றில் மீளும் வாழ்வு. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களில் இந்தக் கணக்கை ஏட்டில் பார்க்க வேண்டியதில்லை. பல குடும்பங்களின் பேச்சிலேயே அது இருக்கிறது.

1819 ஜனவரி 29ஆம் நாள் ஸ்டாம்போர்டு ராஃபில்ஸ் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் இறங்கினார். பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்நாளில் அவ்வாற்றில் உலவியவை ‘ஒராங் லாவுட்’ என்னும் கடல்மக்களின் படகுகள். பிறப்பும் இறப்பும் படகிலேயே கண்ட மக்கள் அவர்கள். தீர்வையில்லாத் துறைமுகம் என்ற செய்தி பரவியதும் கப்பல்கள் வந்து குவிந்தன. கப்பல் வந்தால் போதுமா? சரக்கு கரை ஏற வேண்டாமா?

இங்கேதான் சிங்கப்பூரின் இயற்கை அமைப்பை நாம் சற்று நோக்க வேண்டும். ஆறு சிறியது, அகலமும் ஆழமும் குறைந்தது. ஏறுவற்றத்தில் எட்டு அடி, பத்து அடி அளவுக்கு நீர்மட்டம் வேறுபடும் கடல் அது. வற்றத்தின்போது ஆற்றுப்படுகையில் சேறு வெளிப்பட்டுவிடும். ஆகவே பெரிய கப்பல்கள் கரையை அணுகாமல் வெளியே நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீரில் மனிதனையும் மூட்டையையும் கொண்டு செல்லப் படகைத் தவிர வேறு வழியில்லை. நகரம் வளர வளர அப்படகுகளின் தேவையும் பெருகிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நகருக்குள் புகுவோர் பெரும்பாலோரின் முதல் அடி படகிலேயே பட்டது.

சரக்குப் படகுக்குத் ‘தொங்காங்’ என்று பெயர். நம்மூர் மொழியில் சொன்னால் சரக்குத் தோணி. ஆட்களை ஏற்றும் சிறு படகு ‘சம்பான்’. ‘மூன்று பலகை’ என்று பொருள்படும் சீனச் சொல் அது. நகரின் தொடக்கக் காலத்தில் இந்தச் சரக்குத் தோணித் தொழிலைத் தம் கையில் வைத்திருந்தோர் சூலியர்களே. 1822இல் ராஃபில்ஸ் நகருக்குத் திட்டம் வகுத்தபோது சூலியர் குடியிருப்புக்கு ஆற்றின் மேற்புறத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. வந்து மூன்றே ஆண்டுகளில் நகரத் திட்டத்தில் பெயர் பெறும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கையும் பயனும் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

அத்தொழில் எப்படி நடந்தது என்பதைக் கேளுங்கள். கப்பல் நங்கூரம் இட்டதும் தோணிகள் அதன் விலாவை ஒட்டி அணையும். கப்பல் மேல்தளத்திலிருந்து மூட்டைகள் கயிற்றில் இறங்கும். அலையில் கப்பல் ஒருபுறம் ஆட, தோணி மறுபுறம் ஆட, இரண்டுக்கும் நடுவே தொங்கும் மூட்டையை வாங்கி இருத்துவது உடல் வலிமையால் மட்டும் முடியும் காரியமன்று. பாரம் ஏறிய தோணி ஏற்றம் வரும்வரை காத்திருக்கும். நீர் ஏறத் தொடங்கியதும், பாய் விரித்தோ துடுப்பு வலித்தோ ஆற்று முகத்தை அடைந்து, உள்ளே நீண்ட கழிகளை ஊன்றித் தள்ளிக்கொண்டு மேலே செல்வர். கழியின் நுனியைத் தோளில் பதித்து, தோணியின் விளிம்பில் முன்னிருந்து பின்னாக நடப்பான் படகோட்டி. அவன் நடக்க நடக்கத் தோணி நகரும். படித்துறையில் குறுகிய பலகை போடப்படும். அதன்மேல் மூட்டையுடன் ஏறிச் செல்லும் கூலியாளுக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார்கள். மாலையில் குச்சிகளை எண்ணிக் கூலி தருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனையும் ஏமாற்ற முடியாத கணக்கு!

ஆற்றின் தென்கரை சதுப்பாக இருந்தது. அருகிலிருந்த குன்றை வெட்டி அம்மண்ணைக் கொண்டு சதுப்பை நிரப்பினர். அவ்வாறு எழுந்த கரையே ‘போட் கீ’ என்னும் படகுத்துறை. அதன் கட்டுமானம் 1842இல் நிறைவெய்திற்று. வளைந்த அக்கரை கெண்டை மீனின் வயிற்றை ஒத்திருப்பதால் செல்வம் அங்கே தங்கும் என்று சீனர் நம்பினர். 1860களில் சிங்கப்பூர்க் கப்பல் வாணிகத்தின் முக்கால் பங்கு இக்கரையில் நடந்ததாகக் கூறுவர். நம்பிக்கை பொய்க்கவில்லை, செல்வம் தங்கிற்று, ஆனால் யாரிடம் தங்கிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அந்நாளைய ஆற்று முகத்தை நமக்குக் கண்முன் நிறுத்துபவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தவர். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததென்றும், தம் தந்தையார் தமக்கும் தமிழ் பயிற்றுவித்தாரென்றும் அவரே எழுதியிருக்கிறார். தமிழறிந்த அப்பெருமகனைத்தான் இன்று புதிய மலாய் உரைநடையின் தந்தையெனப் போற்றுகின்றனர். 1849இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், ஆற்று முகத்தில் கிடந்த பாறைகளையும், பழைய எழுத்துப் பொறித்த பெரியதொரு கல்லையும் அவர் குறிப்பிடுகிறார். 1843இல் ஆங்கிலப் பொறியாளர்கள் அக்கல்லை வெடிவைத்துத் தகர்த்தனர். அப்துல்லா அதனை எண்ணி வருந்துகிறார். எஞ்சிய ஒரு துண்டு சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்தாரில்லை.

தோணிக்காரர்கள் எங்கே வாழ்ந்தனர், எங்கே தொழுதனர்? தெலுக் ஆயர் என்பது அக்காலக் கடற்கரை. ‘நீர் விரிகுடா’ என்று அதற்குப் பொருள். கப்பலிலிருந்து இறங்கியோர் பலர் முதலில் கால் வைத்த இடம் அதுவே. ஒரே தெருவில், கடலைப் பார்த்தபடி, வந்திறங்கிய ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பினர். சூலியர் 1827இல் அங்கே ஒரு பள்ளி அமைத்தனர். முதலில் அது வெறும் கூரைக் குடில். ஆகவே ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்றது. 1850களில் செங்கல் கட்டடமாயிற்று. அல்-அப்ரார் பள்ளிவாசல் என்பது அதன் இன்றைய பெயர். குச்சு போய்ப் பல காலமாகியும் பழைய பெயர் தமிழர் நாவில் நின்றது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1826இல், அன்சார் சாயபு என்பாரின் முன்முயற்சியால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றிவிட்டது. அதன் பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்றே பெயர்.

தெலுக் ஆயரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1827இல் காதர் பிள்ளை என்பாருக்கு, வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனையோடு அந்நிலம் வழங்கப்பட்டது. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அங்கு அடக்கமாகியிருக்கவில்லை. அது நினைவிடம் மட்டுமே. பின் ஏன் கட்டினர்? ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, நாகூரிலிருந்தபடியே தம் கைக்கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார்கள் என்று ஆண்டகையைப் பற்றி வழங்கும் செய்தியை நாம் அறிவோம். அச்செய்தியை எவ்வாறு கொள்வது என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதற்குள் நான் புகவில்லை. வங்கக் கடலைக் கடந்து பிழைத்து வந்தவனுக்கு ஊரின் பெயரால் ஓர் இடம் கரையில் வேண்டியிருந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவன் கடைசியாகக் கண்டது நாகூர் மனோரா. வந்து இறங்கியதும் அதே வடிவில் சிறியதொரு மனோராவைக் கண்டால் அவன் உள்ளம் எப்படியிருக்கும்! சில அடி தூரத்தில், தம் கடல் அன்னைக்குச் சீனர் 1839இல் கோயில் கட்டத் தொடங்கினர். அவர்களும் அதே அச்சத்தோடு அதே கடலைக் கடந்தவர்கள்தாமே.

ஆண்டுகள் சென்றன. 1852இல் ‘புதிய துறைமுகம்’ எனப்பட்ட ஆழ்நீர்ப் பகுதியில் பி. அண்டு ஓ. நிறுவனம் தன் துறையை அமைத்தது. 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கழகம் தோன்றியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுள் பல இப்போது நேரே துறைமேடையை அணைந்தன. ஆனாலும் தோணிகள் ஓயவில்லை. அரிசியும் மிளகும் கம்பீரும் வைக்கப்படும் கிடங்குகள் ஆற்றங்கரையிலேயே இருந்தன அல்லவா? அதே 1869இல் ஆற்று முகத்தருகே காவனா பாலம் எழுந்தது. வண்டிக்கு வசதி, படகுக்குத் தொல்லை. நீர் ஏறினால் தோணி பாலத்தின் அடியில் நுழையாது; நீர் வற்றினாலோ சேற்றில் சிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தோணிகள் முண்டியடித்துப் புக வேண்டியிருந்தது. பாலத்தை வரைந்தவர் ஒருநாளேனும் தோணியில் சென்றிருந்தால் இன்னும் சில அடி உயர்த்தியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்நிலையில்தான் தோணித்தொழில் மெல்ல மெல்லச் சூலியர் கையைவிட்டு நழுவத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீனரின் ‘துவாக்கோ’ என்னும் தட்டையான பெரும் படகுகள் பெருகின. முகப்பில் இரு கண்கள் தீட்டப்பட்ட அப்படகுகளே பின்னாளில் சிங்கப்பூர் ஆற்றின் அடையாளமாயின. நம்மவர் ஏன் தோற்றனர்? சோம்பல் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். நான் அதனை ஏற்கவில்லை. ஆற்றங்கரைக் கிடங்கு யாருடையதோ அவர் தம் இனத்தான் படகையே அழைப்பார். ஹொக்கியன் வணிகர் கிடங்குக்கு உரிமையாளரானபின், அவர் ஊர்க்காரன் படகுக்கு என்றும் பாரம் கிடைத்தது. சூலியரிடம் படகு இருந்தது, தோள் இருந்தது; கரையில் கிடங்கு இல்லை. அன்றியும், நம்மவருள் பலர் ஈராண்டு, மூன்றாண்டு உழைத்து ஊர் திரும்பும் எண்ணத்தோடே வந்தவர்கள். ஊரில் வீடு கட்டினார்கள், ஆற்றங்கரையில் கட்டவில்லை. நம் கடற்கரை ஊர்களின் மாடிவீடுகளைக் காணும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருவதுண்டு.

தோணியை விட்டவர்கள் வாழ்வை விட்டுவிடவில்லை. துறைமுக வேலைக்கும், துணிக்கடைக்கும், நாணய மாற்றுக்கும், உணவுக் கடைக்கும் சென்றனர். அச்சுத் துறைக்கும் சென்றனர்: 1887இல் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழைச் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கி 1890வரை நடத்தினார். அந்நகரின் தமிழ் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அது ஒரு கருவூலம்.

பயணிகளின் கதை வேறு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. கடலில் தள்ளி நிற்கும். படகில் சென்றுதான் ஏற வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் நம் கரையில் உண்டோ? ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்த பயணிகள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என அதன் வழி அமைந்திருந்தது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்: “கப்பலுக்கு நான் பயந்ததில்லை, தம்பி. கரையிலிருந்து கப்பலுக்குப் போற படகுலதான் கலிமாவை விடாமல் ஓதிக்கிட்டிருந்தேன்.” அலை தூக்கும் கணத்தில் கப்பல் ஏணியைப் பற்ற வேண்டும், பிடி தவறினால் அடுத்த அலைவரை காத்திருக்க வேண்டும். பெண்களும் குழந்தைகளும் ஏறியதை அவர் சொல்லக் கேட்டால் மெய்சிலிர்க்கும்.

சிங்கப்பூரை நெருங்கியதும் மற்றொரு நிறுத்தம். நகருக்குத் தெற்கே செயிண்ட் ஜான்ஸ் தீவு. 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இயங்கியது. காலராவும் அம்மையும் நகருக்குள் புகாதபடி, தளப் பயணிகளை அத்தீவில் இறக்கிச் சோதித்தனர். அறைப் பயணி நேரே நகருக்குச் செல்வார். தளப் பயணி தீவில் காத்திருப்பார். கண்ணெதிரே நகரின் விளக்குகள் தெரியும், போக முடியாது. இறுதியில் படகு வந்து கரையில் சேர்க்கும். 1850களில் கட்டப்பட்ட ஜான்ஸ்டன் துறைமேடையில் தொங்கிய சிவப்பு விளக்கு அந்நாளில் படகோட்டிகளுக்கு வழிகாட்டி. அதற்கு மாற்றாக 1933இல் கிளிஃபோர்டு துறைமேடை திறக்கப்பட்டது. அதன் பின்னும் மக்கள் பழைய சிவப்பு விளக்கின் பெயராலேயே அவ்விடத்தை அழைத்தனர். அங்கிருந்து சம்பானில் தீவுகளுக்குப் போகலாம். நங்கூரமிட்ட கப்பலிலுள்ள உறவினரைப் பார்த்து வரலாம். ஆற்றின் அக்கரைக்குச் சில காசில் கடக்கலாம்.

பின்னர் எல்லாம் விரைந்து மாறின. 1972 ஜூனில் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலக் கப்பல் அணைந்தது. நூறு தோணிகள் சுமந்ததை இரும்புப் பெட்டிகள் சுமந்தன. மூட்டையைத் தோளில் வாங்கும் மனிதன் தேவைப்படவில்லை. 1973இல் ரஜூலா கை மாறியது. அடுத்த ஆண்டில் உடைக்கப்பட்டது. அதனிடத்தில் ஓடிய ‘எம். வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரி 12ஆம் நாள் நடுக்கடலில் தீப்பற்றி, உயிர்கள் பல பறிபோயின. அத்தோடு நம் கரைக்கும் மலாய்க் கரைக்குமிடையே தலைமுறை தலைமுறையாக நடந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது. 1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின்போது, 1983இல் எஞ்சிய சரக்குப் படகுகள் அனைத்தும் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. கிளிஃபோர்டு துறைமேடை 2006இல் மூடப்பட்டது.

தெலுக் ஆயர் விரிகுடா 1879 முதல் 1887 வரை மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டது. தர்காவின் வாசலில் நின்றால் இன்று கடல் தெரியாது. வானுயர்ந்த கட்டடங்களே தெரியும். 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அத்தர்கா, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திகழ்கிறது. ஆற்றங்கரையருகே ‘கிலிங் தெரு’ என்றொரு தெரு இருந்தது. அச்சொல் இழிவாக வழங்கியதை நம்மவர் எதிர்த்ததால் 1920களின் தொடக்கத்தில் அதற்குச் ‘சூலியா தெரு’ என்று பெயர் சூட்டினர். அத்தெருவில் இப்போது 52 மாடி வங்கிக் கட்டடம் ஒன்று நிற்கிறது.

2008இல் ஆற்றின் கடல்வாய்க்கு அப்பால் மரினா அணை கட்டி முடிக்கப்பட்டது. உப்பு நீர் வெளியே நின்றுவிட, உள்ளே நன்னீர் நிறைந்தது. அங்கு இப்போது ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. காவனா பாலத்தின் அடியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய படகுகள், முகப்பில் பழைய துவாக்கோவின் கண்களோடு, எந்த வேளையிலும் தடையின்றிப் போய்வருகின்றன.